கராஜ் பக்கம்: டைமிங்கை ரெண்டு டிகிரி கூட்டி விடவா?

போன இதழில டேர்போ பூஸ்ட் (டேர்போ காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள அடைக்கிற அளவு) பத்தி நாலு வரி எழுதினதுதான், இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல டைமிங்கில வந்து நிக்குது, அதிலயும் முக்காவாசி "பாஸ் (மெக்கானிக்) கொஞ்சம் டைமிங் கூட்டி விட்டார்" எண்டுதான் தொடங்குது. டைமிங் எண்டா பிளக் எப்ப பொறி விடுறது எண்ட கணக்கு, கூட்டினா பொறி முந்தும், குறைச்சாப் பிந்தும். அதால பிரேக், பெற்றரி, ஏசி கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: வணக்கம் அண்ணை. என்னட்ட 1996 ஸ்டார்லட் கிளான்சா இருக்கு, ஒரிஜினல் டேர்போ என்ஜின். பிக்கப் காணாது எண்டு தெரிஞ்ச பாஸ் ஒராளிட்டக் குடுத்தன், அவர் டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணிக் கொஞ்சம் திருப்பி விட்டார், டைமிங் லைட் (பொறி விடேக்க மின்னி டிகிரியைக் காட்டுற லைட்) ஒண்டும் பிடிக்கேல்ல, காதால கேட்டுத்தான் செட் பண்ணினவர். டவுனுக்குள்ள ஓடேக்க உண்மையிலயே நல்ல வித்தியாசம். ஆனா கட்டுநாயக்க ஹைவேயில மூண்டாம் கியரில மிதிச்சா பூஸ்ட் ஏறினதும் டின்னுக்குள்ள சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். கேட்டா "டேர்போ காருக்கு அப்பிடித்தான்" எண்டுறார். அப்பிடியா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இல்லைத் தம்பி, அப்பிடி இல்லை. அந்தச் சத்தம்தான் நொக்கிங். முதல்ல ஒண்டு சொல்லிடுறன், டைமிங்கைச் சரியா செட் பண்ணுற வரைக்கும் பூஸ்ட் ஏறுற மாதிரி மிதிக்காதேங்கோ, ஒஃபிசுக்குப் போய் வாற ஓட்டம் மட்டும் காணும்.

இப்ப ஏன் டவுனுக்குள்ள நல்லா ஓடுது, ஹைவேயில சத்தம் போடுது எண்டு பாப்பம். பிளக் பொறி விட்ட உடன பெற்றோல் வெடிக்கிறேல்ல, அது பத்தி எரிய நேரம் எடுக்கும், ரெண்டு மில்லிசெக்கன் அளவில எண்டு வைச்சுக் கொள்ளுங்கோ. 3000 ஆர்பிஎம்மில கிராங்க் (பிஸ்டன் சுத்துற தண்டு) ஒரு மில்லிசெக்கனுக்கு 18 டிகிரி சுத்தும், 6000ல 36 டிகிரி. அதாலதான் பிஸ்டன் மேல வந்து சேர முதலே பொறி விடுறது. அமுக்கம் உச்சத்துக்குப் போறது பிஸ்டன் மேல வந்து கீழ இறங்கத் தொடங்கி ஒரு 15 டிகிரி போல தாண்டேக்க நடந்தா கிராங்குக்கு நல்ல தள்ளு கிடைக்கும். பூஸ்ட் இல்லாம மெதுவா ஓடேக்க உள்ள காத்து ஐதா இருக்கும், மெதுவா எரியும், அதால கொஞ்சம் முந்திப் பொறி விட்டா என்ஜினுக்குச் சந்தோசம். உங்களுக்குக் கிடைச்ச பிக்கப் அதுதான், பாஸ் பொய் சொல்லேல்ல.

பூஸ்ட் ஏறினாக் கதை தலைகீழ். உள்ள அடைக்கிற காத்து கூட, சூடும் கூட, எரியிறது கெதியா நடக்கும், அதால டைமிங் குறையத்தான் வேணும். பழைய டியூனர்மார் ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி அளவில குறை எண்டு கைக்கணக்கு வைச்சிருந்தவை, அது சட்டமில்லை, ஆனா எந்தப் பக்கம் போகோணும் எண்டு காட்டும். பாஸ் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பேக்க நடந்தது என்னெண்டா, உங்கட காரில கிராங்க் எங்க நிக்குது எண்டு ஈசியூவுக்கு (என்ஜின் கொம்பியூட்டருக்கு) சொல்ற பிக்கப் கொயில் அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளதான் இருக்கு, அதைத் திருப்பினா ஐடிலிங்கில இருந்து ஃபுல் பூஸ்ட் வரை மேப் (ஈசியூவுக்குள்ள இருக்கிற டைமிங் அட்டவணை) முழுக்க ஒரே அளவு தள்ளுப்படும். பூஸ்ட் இல்லாத இடத்தில நாலு டிகிரி கூடினா லாபம், அதே நாலு டிகிரி ஃபுல் பூஸ்டில கூடினா நட்டம். ஈசியூவுக்கு இது தெரியவே தெரியாது, அது தான் குடுத்த கணக்குத்தான் நடக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும்.

நொக் எண்டா, பிளக்கில தொடங்கின நெருப்பு போய்ச் சேர முதலே மூலையில மிஞ்சி நிக்கிற கலவை சூட்டாலயும் அமுக்கத்தாலயும் தானாப் பத்திறது. அந்த அடி சிலிண்டருக்குள்ள அங்கயும் இங்கயும் மோதும், உங்கட என்ஜினின்ட 74 மில்லிமீற்றர் சிலிண்டர் விட்டத்துக்குக் கணக்குப் பாத்தா செக்கனுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் தரம், அதுதான் சில்லறைச் சத்தமாக் கேக்குது. பிளொக்கில இருக்கிற நொக் சென்சர் அதைக் கேட்டு டைமிங்கைக் கொஞ்சம் இழுக்கும், இல்லை எண்டேல்ல, ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு, 30 வயசு சென்சர் எவ்வளவு கேக்கும் எண்டதும் இருக்கு. ஸ்டியரிங்கில இருக்கிற உங்களுக்கே கேக்குதெண்டா அது சின்ன நொக் இல்லை. முதல்ல போறது பிஸ்டனில ரிங்குகளுக்கு நடுவில இருக்கிற மெல்லிய விளிம்பு, இல்லாட்டி ஹெட் கெஸ்கட்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. என்ஜினை நல்லாச் சூடாக்கி, ஏசியை நிப்பாட்டி, டயக்னோஸ்டிக் பெட்டியில டிஈ1க்கும் ஈ1க்கும் நடுவில ஒரு துண்டு வயரைப் போட்டு இணைச்சிட்டு டைமிங் லைட்டைப் பிடிக்கோணும், 10 டிகிரியில நிக்கோணும். அந்த வயரைப் போடாமப் பிடிச்சா ஈசியூ தன்ட பங்குக்குக் கூட்டின டிகிரியும் சேந்து காட்டும், நீங்க பாக்கிறது பேஸ் டைமிங் (ஈசியூ ஒண்டும் கூட்டாத அடிப்படை டைமிங்) இல்லை, எத்தினையோ கராஜில நடக்கிற பிழை இதுதான். இன்னொண்டு, கிராங்க் புலியில ரப்பர் வைச்ச வகை எண்டா அந்த ரப்பர் பழசாகி வெளி வளையம் வழுக்கியிருக்கலாம், அப்ப குறியே பொய் சொல்லும். முதலாவது பிளக்கைக் கழட்டி பிஸ்டன் உச்சிக்கு வரேக்க குறி பூச்சியத்தில நிக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.

பிறகு பெற்றோல். ஜப்பானில பெற்றோல் ரெண்டு வகை, சாதாரணம் குறைஞ்சது 89 ஒக்டேன் (தானாப் பத்தாமத் தாக்குப்பிடிக்கிற அளவு), ஹை ஒக்டேன் குறைஞ்சது 96. இந்த டேர்போ ஸ்டார்லட்டுக்கு அவங்கள் கணக்குப் போட்டது ஹை ஒக்டேனுக்கு. எங்கட செட்டில 95 அடிச்சாலே நீங்க கம்பனிக் கணக்குக்கு ஒரு படி கீழதான், 92 அடிச்சுக்கொண்டு டைமிங்கையும் கூட்டினா கேக்கவே வேண்டாம். அதோட கிளான்சாவில இன்டர்கூலர் என்ஜினுக்கு மேல படுத்திருக்கு. 32 டிகிரிக் காத்தை 0.7 பாருக்கு அமுக்கினா டேர்போவை விட்டு வெளியால வரேக்க 100 டிகிரியைத் தாண்டும், அதைக் குளிராக்க வேண்டிய இன்டர்கூலரோ பம்பலப்பிட்டி ட்ரஃபிக்கில அரை மணித்தியாலம் நிண்டு தானே அடுப்பாகிப் போய்க் கிடக்கும். ட்ரஃபிக் விட்ட உடன மிதிக்காம ரெண்டு மூண்டு நிமிசம் காத்துப் பிடிக்க விட்டு ஓடுங்கோ. இன்டர்கூலர் பின் இலைகளைக் கழுவுங்கோ, பொனட் மூக்குக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில இருக்கிற ரப்பர் இருக்கோ எண்டு பாருங்கோ, அது கிழிஞ்சு போய்க் காணாமல் போன கார்தான் நான் கூடப் பாத்தது. இதெல்லாம் செய்தா டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமலே பாதிப் பிக்கப் திரும்பி வரும், ஏனெண்டா நொக் சென்சர் இழுத்து வைச்சிருக்கிற டிகிரியை ஈசியூ தானாத் திருப்பித் தரும்.

பிளக்கும் ஒருக்காப் பாருங்கோ. பூஸ்டில அடர்த்தியான காத்துக்குள்ளால பொறி பாயிறது கஷ்டம், இடைவெளி கூடிப் போயிருந்தா இடையில கட் பண்ணும், 0.8 மில்லிமீற்றருக்கு மேல வேண்டாம். என்ஜிகே எண்டா இலக்கம் கூடக் கூடக் குளிர் பிளக், பூஸ்டைக் கூட்டின காருக்கு ஒரு இலக்கம் கூடப் போடுவினம், உங்கட ஒரிஜினல் பூஸ்ட் எண்டா கம்பனி சொன்னதே காணும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன். எங்கட வாப்பாட வேகன் ஆர் ஸ்டிங்ரே, டேர்போ. நான் 92 தான் அடிக்கிறேன், கூட்டாளிமார் 95 அடிச்சா பவர் கூடும், டைமிங்கும் தானாகக் கூடும் என்று சொல்றாங்க. ஒவ்வொரு டேங்குக்கும் அவ்வளவு காசு கூடக் குடுக்கிறது வேர்த்தா? (மருதானை வாசகர்)

பதில்: வஅலைக்கும் ஸலாம். வாப்பாட காசை மிச்சம் பிடியுங்கோ. மேல சொன்ன ஜப்பான் கணக்கை இங்கயும் போட்டுப் பாருங்கோ, இந்த 660 சிசி டேர்போக்கள் அங்க ஓடினது சாதாரணப் பெற்றோலில, அதாவது 89க்கு மேல இருந்தாப் போதும் எண்டு கட்டினது. எங்கட 92 அதைவிட மேல. ஒக்டேன் எண்டது பவர் இல்லை, தானாப் பத்தாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் எண்ட அளவு மட்டும்தான், ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 எண்டு வைச்சு ரெண்டையும் கலந்து ஒப்பிட்டு எடுக்கிற இலக்கம். லீற்றருக்குள்ள இருக்கிற சக்தி ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

டைமிங் தானாகக் கூடுமா எண்டா, முதல்லயே நொக் வந்து ஈசியூ இழுத்து வைச்சிருந்தா மட்டும்தான் திருப்பிக் குடுக்கிறதுக்கு ஏதாவது இருக்கும். சத்தம் இல்லாம ஓடுற ஸ்டிங்ரேக்கு 95 அடிச்சா பெரிய வித்தியாசம் வராது. நாலு பேரை ஏத்திக்கொண்டு நடு வெயிலில கடுகண்ணாவை ஏறேக்க ஒரு பாரம் தெரியுதெண்டா அந்த ட்ரிப்புக்கு மட்டும் 95 அடிச்சுப் பாருங்கோ, வித்தியாசம் இருந்தாத் தொடருங்கோ, இல்லாட்டி விட்டுடுங்கோ.

கேள்வி: அண்ணா, நான் தெஹிவளை. 2017 சிவிக் 1.0 டேர்போ ஓடுறன். தம்பி ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கித் தந்தவன், ஃபோனில டைமிங் அட்வான்ஸ் எண்டு ஒரு இலக்கம் காட்டுது. சும்மா ஓடேக்க 25, 30 எண்டெல்லாம் போகுது, ஏத்தத்தில மிதிச்சா 2, 1 எண்டு இறங்கி ஒருக்கா மைனசும் காட்டினது. கராஜில காட்டினா டைமிங் செயின் போயிட்டுது எண்டு பெரிய எஸ்டிமேட் ஒண்டு தந்தவை. உண்மையா? இன்னொண்டு, ஒருநாள் மெதுவா ஏறேக்க திடீரெண்டு "டொக்" எண்டு ஒரே ஒரு அடி கேட்டது, பிறகு இல்லை. (வாசகி)

பதில்: அந்த எஸ்டிமேட்டை மடிச்சு வையுங்கோ தங்கச்சி. உங்கட என்ஜினில வால்வுகளை ஓட்டுறது செயினே இல்லை, ஒயிலுக்குள்ள ஓடுற பெல்ட், அதைத் தெரியாம எஸ்டிமேட் எழுதினவையிட்ட என்ஜினைக் குடுக்கிறதா எண்டு நீங்களே யோசியுங்கோ. ஸ்கேனர் காட்டுறது பொறி விடுற நேரம், பெல்ட் எந்தப் பல்லில நிக்குது எண்டது இல்லை. குறைஞ்ச ஆர்பிஎம்மில கூடின பாரம் எண்டா, பெற்றோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற இப்பத்தைய டிரெக்ட் இன்ஜெக்‌ஷன் சின்ன டேர்போக்கள் பிஸ்டன் உச்சிக்குக் கிட்டத்தான், சிலவேளை உச்சியைத் தாண்டியும் பொறி விடும், மைனஸ் எண்டா அதுதான். காலமை ஸ்டார்ட் பண்ணின உடனயும் குறைச்சுக் காட்டும், அது புகையைச் சுத்தமாக்கிற கற்றலிக் கொன்வேர்டரைக் கெதியாச் சூடாக்கிறதுக்கு வேணுமெண்டு செய்யிறது.

பயனுள்ள மாதிரிப் பாக்கோணுமெண்டா அதே ஸ்கேனரில உள்ள எடுக்கிற காத்தின்ட சூட்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரே ரோட்டு, ஒரே கால், விடியக்காலம் ஒருக்கா, பின்னேரம் மூண்டு மணிக்கு ஒருக்கா. காத்து சூடாக டைமிங் இறங்கிறதைக் கண்ணால காணலாம். அதே நிலைமையில மாசத்துக்கு மாசம் குறைஞ்சுகொண்டு போனாத்தான் யோசிக்கோணும், பிளக், பெற்றோல், உள்ள பிடிச்ச கரி எண்டு ஒவ்வொண்டாப் பாக்கலாம்.

அந்த ஒரே ஒரு "டொக்" எனக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கு. வேற ஏதும் சத்தமாவும் இருக்கலாம், ஆனா சின்ன டிரெக்ட் இன்ஜெக்‌ஷன் டேர்போக்களுக்கு எண்டே ஒரு வருத்தம் இருக்கு, குறைஞ்ச ஆர்பிஎம்மில கூடின பூஸ்ட் நிக்கேக்க ஒயில் துளியோ கரித் துகளோ பத்தி, பிளக் பொறி விட முதலே முழுக்கலவையும் எரியத் தொடங்கும். சாதாரண நொக் பொறிக்குப் பிறகு வாறது, டைமிங்கைக் குறைச்சா அடங்கும். இது பொறிக்கு முதல் வாறது, அதால டைமிங்கை எவ்வளவு குறைச்சாலும் நிக்காது. இதுக்கு மருந்து ஒயிலிலதான் இருக்கு. ஒயில்ல சுத்தம் செய்யப் போடுற கல்சியம் கூடினா இது கூடுது எண்டு கண்டுபிடிச்சு, 2018ல ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020ல எஸ்பி எண்டு தரம் கொண்டு வந்தவை. உங்கட ஒயில் கானில எஸ்பி எண்டு இருக்கோ எண்டு பாருங்கோ, ஒயிலை நாள் கடத்தாம மாத்துங்கோ, ஏத்தத்தில 1500 ஆர்பிஎம்மில இழுபட விடாம லிவரை எஸ்ஸில போட்டு ஆர்பிஎம் கூட்டி ஏறுங்கோ. மெதுவா மிதிச்சா என்ஜினுக்கு நல்லது எண்டு அப்பா சொல்லித் தந்திருப்பார், பழைய காருக்கு அது சரி, இதுக்குப் பாதிதான் சரி.

கேள்வி: நொக் பயத்தில டைமிங்கை நல்லாக் குறைச்சு வைச்சா சேஃப் தானே? பவர் குறைஞ்சாலும் பரவாயில்லை. (வத்தளை வாசகர்)

பதில்: இதை நான் செய்து பாத்தனான். இருபது வருசத்துக்கு முந்தி என்னட்ட இருந்த பழைய டேர்போவில நொக் சத்தம் கேட்டு, ஆறு டிகிரி குறைச்சு வைச்சு, பெரிய கெட்டிக்காரன் எண்ட நினைப்பில குடும்பத்தோட நுவரெலியா வெளிக்கிட்டன். றம்பொடை ஏத்தத்தில கார் எருமை மாதிரி இழுக்குது, நானும் மிதிக்கிறன், டெம்பரேச்சர் முள்ளும் ஏறுது. தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டி, பொழுது பட்ட நேரம் பொனட்டைத் திறந்தா டேர்போ கூடு செக்கச்செவேலெண்டு விளக்கு மாதிரி நிக்குது. மகள் "அப்பா, வடிவா இருக்கு" எண்டாள்.

நடந்தது என்னெண்டா, பிந்திப் பொறி விட்டா எரியிறது பிந்தி முடியும், பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸோஸ்ட் வால்வாலயும் டேர்போவாலயும் வெளியால போகும். பெற்றோல் டேர்போவில நல்லா மிதிச்சா எக்ஸோஸ்ட் காத்து 900 டிகிரிக்குப் போறது புதினமில்லை, கூடு கொஞ்சம் சிவக்கிறதும் புதினமில்லை, ஆனா டைமிங் குறைச்சு வைச்சா பவர் காணாம இன்னும் மிதிப்பீங்க, அதால சூடு இன்னும் ஏறும். எனக்கு அந்த ட்ரிப்போட எக்ஸோஸ்ட் மனிஃபோல்டு வெடிச்சது. கம்பனி சொன்ன பேஸில வையுங்கோ, அதுக்குப் பிறகும் நொக் வந்தா அதுக்குக் காரணம் வேற எங்கயோ இருக்கு, பெற்றோல் ஃபில்டர் அடைச்சு கலவையில பெற்றோல் குறைஞ்சு காய்ஞ்சு போனாலும் அதே சத்தம்தான் வரும்.

கேள்வி: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒண்டு கட்டிக்கொண்டிருக்கிறன், ஸ்டாண்டலோன் ஈசியூ (கம்பனி ஈசியூவுக்குப் பதிலா நாங்களே செட் பண்ணுறது) போட்டாச்சு. இங்கிலாந்தில இருக்கிற மச்சான் தன்ட காரின்ட மேப்பை அனுப்பி வைச்சிருக்கிறான், அதே என்ஜின், அதே டேர்போ. அப்பிடியே ஏத்தலாமா? (ராஜகிரிய வாசகர்)

பதில்: மச்சானுக்கு நன்றி சொல்லிட்டு, ஸ்டார்ட் பண்ணுறதுக்கு மட்டும் பாவியுங்கோ. அவர் 97, 99 ஒக்டேன் அடிச்சு, 10 டிகிரிக் குளிருக்குள்ள டியூன் பண்ணின மேப் அது, நீங்க 95 அடிச்சு தெமட்டகொடைப் பாலத்தில வேகிற ஆள்.

முதல் வேலை, ஈசியூவில டைமிங்கை ஒரு இலக்கத்தில பூட்டி வைச்சிட்டு லைட் பிடிச்சு கிராங்கிலயும் அதே இலக்கம் காட்டுதோ எண்டு பாக்கிறது, அது பிழைச்சா மற்ற எல்லாம் பிழை. அடுத்தது கலவை, வைட்பேண்ட் (கலவையை அளக்கிற மீற்றர்) இல்லாமத் தொடாதேங்கோ, ஃபுல் பூஸ்டில ஒரு பங்கு பெற்றோலுக்கு 11.5 பங்கு காத்துப் போல கொழுப்பா வையுங்கோ. பிறகு பூஸ்டைக் குறைஞ்ச அளவில வைச்சு, டைமிங்கையும் பயந்த அளவில தொடங்கி, டைனோவில (காரின்ட பலத்தை அளக்கிற மெசினில) ஒவ்வொரு டிகிரியாக் கூட்டுங்கோ. டோர்க் (சுத்துற பலம்) கூடிக்கொண்டு போய் ஒரு இடத்தில படுத்திடும், அதுக்கு மேல கூட்டினா நொக்கைத் தவிர ஒண்டும் கிடைக்காது. பூஸ்ட் இல்லாத இடங்களில அந்த இடத்தைக் காணலாம். பூஸ்ட் ஏறின இடத்தில 95 பெற்றோலுக்கு அது வர முதலே நொக் வந்திடும், அங்க நொக் தொடங்கிற புள்ளியில இருந்து ரெண்டு மூண்டு டிகிரி பின்னுக்கு வந்து நில்லுங்கோ. ஆகக் கவனம் டோர்க் உச்சமா இருக்கிற ஆர்பிஎம்மில, சிலிண்டர் ஆகக் கூட நிரம்புறது அங்க, அதைத் தாண்டினா ஆர்பிஎம்மோட டைமிங்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். செப்புக் குழாய்த் துண்டு ஒண்டை பிளொக்கில பூட்டி, ரப்பர் குழாய் மூலம் ஹெட்ஃபோனுக்கு இழுத்துக் கேக்கிற பழைய முறை சுபாருவுக்கு இண்டைக்கும் நல்லது, அந்த பொக்ஸர் என்ஜின் தானாவே சத்தம் கூட, சென்சர் ஏமாறும்.

கடைசியா காத்துச் சூட்டுக்கு எண்டு இருக்கிற டேபிளை வெறுமையா விடாதேங்கோ. மழை பெஞ்ச பின்னேரம் டியூன் பண்ணிட்டு எல்லாம் சரி எண்டு வீட்ட போறது, அடுத்த நாள் மத்தியானம் பிஸ்டனைக் கையில எடுக்கிறது, ரெண்டு பேருக்கு நடந்து நானே பாத்தன். மத்தியான வெயிலில ஒருக்கா ஓடி, காத்து 50 டிகிரி தாண்டேக்க எத்தினை டிகிரி இழுக்கோணும் எண்டு பாத்து எழுதுங்கோ.

கேள்வி: அண்ணே, நான் ஹயர் ஓடுற கேடிஎச் வேன், டேர்போ டீசல். கறுப்புப் புகை போகுது, புகை டெஸ்டும் கிட்ட வருது. டைமிங் கூட்டினா சரி வருமா? (கிராண்ட்பாஸ் வாசகர்)

பதில்: உங்க வேனில பொறி விடுற பிளக்கே இல்லை அண்ணே, டீசல் தானாப் பத்துறதுதான் அதுக்கு வேலை, டைமிங் எண்டா டீசல் பீச்சுற நேரம், அதையும் கொம்பியூட்டர்தான் பாக்குது. கறுப்புப் புகை எண்டா காத்து காணாது இல்லாட்டி டீசல் கூட. எயார் ஃபில்டரைப் பாருங்கோ, இன்டர்கூலர் ஹோஸ் எங்கயாவது வெடிச்சு ஒயில் கசியுதோ எண்டு கையால தடவிப் பாருங்கோ, புகையில கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வைக் கழட்டிக் கரியைச் சுத்தம் செய்யுங்கோ. இதுக்கும் போகாட்டி இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பெஞ்சில போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, பாக்காம நாலையும் மாத்தச் சொன்னா மாத்தாதேங்கோ.